ரூட்டைப் பூட்டலாம், எழுதுவதை எங்கே அனுப்புவது?

திரையும் விசைப்பலகையும் இல்லாமல் ஒரு மூலையில் ஓடும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை யாரும் முறையாக ஷட்டவுன் செய்வதில்லை. மின்சாரம் போகும், வரும். எஸ்டி கார்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் போனால், அடுத்த முறை பெட்டி பூட் ஆகாமல் நின்றுவிடும். ரூட் கோப்பு முறைமையை, அதாவது இயங்குதளம் இருக்கும் அடிப்படை வட்டுப் பகுதியை, படிக்க மட்டும் திறந்து வை என்பதுதான் இதற்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம். அதை எப்படிச் செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பூட்டு எல்லா வழியிலும் பூட்டுத்தான். அதுவரை ரூட்டில் எழுதிக்கொண்டிருந்த நிரல்களின் கதி என்ன, அப்டேட் செய்வது எப்படி என்ற இரண்டு கேள்விகளில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி பழையது: எந்த வட்டுப் பகுதியை எப்படித் திறப்பது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ரூட்டுக்கான வரியில் ‘ஆர்ஓ’ (படிக்க மட்டும்) என்று சேர்த்துவிட்டு ரீபூட் செய்வது. உடனே முறையீடுகள் கிளம்பும். பெட்டிக்கு இணைய முகவரி வாங்கித் தரும் டிஎச்சிபி நிரலுக்கு, தளப் பெயர்களை முகவரியாக்கும் டிஎன்எஸ் சேவையகத்தின் முகவரியை எழுதி வைக்க இடம் வேண்டும். நிகழ்வுகளை லாக்கில் எழுதும் சேவைக்கு, மாறும் தரவுக்கான ‘வார்’ (/var) அடைவு வேண்டும். ரேண்டம் எண்ணுக்கான விதையைச் சேமிக்க ஒரு சேவை முயன்று தோற்கும். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, நினைவகத்தில் இயங்கும் தற்காலிகக் கோப்பு முறைமையான டிஎம்பிஎஃப்எஸ் பக்கம் திருப்பிவிட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் எதையும் மறைக்காத வழி இது. தவறு நடந்தால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பூட்டுவதற்கு முன்பே, கடந்த ஒரு மணி நேரத்தில் மாறிய கோப்புகளை ஃபைண்டு கட்டளையால் பட்டியலிட்டுப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சிக்கல் அப்டேட் நாளில் வரும். ரீமவுண்ட் செய்து எழுதத் திறப்பீர்கள், தொகுப்புகளை நிறுவும் ஏபிடி தன் வேலையை முடிக்கும், மறுபடி பூட்டப் போனால் ரூட் ‘பிஸி’ என்று மறுத்துவிடும். புதிய நூலகக் கோப்பு வந்ததும் பழையது நீக்கப்பட்டிருக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு சேவை அந்தப் பழைய பிரதியை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். அது விடுகிற வரை பூட்டு விழாது. அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அல்லது ரீபூட். திறந்திருக்கும் அந்த நேரத்தில் மின்சாரம் போனால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 ‘ஆர்ஓ’ என்று மவுண்ட் ஆனாலும், முடியாமல் கிடக்கும் ஜர்னலை (எழுத வேண்டியவற்றின் குறிப்பேட்டை) முதலில் கார்டில் எழுதி முடிக்கும். ‘நோலோடு’ என்று சொன்னால்தான் கையை வைக்காது.

இரண்டாவது வழி ஓவர்லே. 2014 இறுதியில் வந்த லினக்ஸ் 3.18 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. கீழே பூட்டிய கார்டு, மேலே நினைவகத்தில் ஓர் எழுதும் அடுக்கு. நிரல்களின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக் மெனுவில் ஒரு தேர்வு, ஒரு ரீபூட், அவ்வளவுதான். எந்தச் சேவையும் முனகாது.

முனகாததுதான் ஆபத்தும். அமைப்புக் கோப்பைத் திருத்தினால் சேமித்ததாகவே காட்டும். ரீபூட் ஆனதும் திருத்தம் மாயமாகிவிடும். கீழடுக்கில் இருக்கும் 200 எம்பி தரவுத்தளக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தாலும், முழுக் கோப்பும் முதலில் மேலடுக்குக்கு நகலாகும். மேலடுக்கு நினைவகத்தில் இருப்பதால் 512 எம்பி மட்டுமே கொண்ட ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூவில் இதைச் செய்தால் பெட்டி மூச்சு முட்டும். பை 5-க்கு முந்தைய மாடல்களில் நேரத்தைக் காக்கும் கடிகாரச் சில்லும் கிடையாது. கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கோப்பில் எழுதி வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். ஓவர்லே போட்டதும் அந்தக் கோப்பும் உறைந்துவிடும். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் பெட்டியின் கடிகாரம், பூட்டுப் போட்ட நாளுக்கே திரும்பும். இணையத்திலிருந்து சரியான நேரம் வரும்வரை, ‘இந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்று பாதுகாப்பான இணைப்புகள் மறுக்கப்படலாம். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் தாமதமாக எழும் இடங்களில் இது விளையாட்டு அல்ல.

தரவைத் தனிப் பார்ட்டிஷனில் (கார்டின் தனிப் பகுதியில்) வைத்தால் தப்பிக்கலாம். அங்கும் ஒரு பள்ளம் உண்டு: உபுண்டுவின் ஓவர்லேரூட் தொகுப்பு, வேறாகச் சொல்லாவிட்டால் எஃப்எஸ்டேப்பில் உள்ள மற்ற பார்ட்டிஷன்களையும் சேர்த்தே மூடிவிடும். ‘ரெகர்ஸ்’ மதிப்பைச் சுழியமாக்காமல் விட்டால், பத்திரமாக இருக்கும் என்று நம்பிய தரவும் நினைவகத்தோடு போய்விடும்.

ரவுட்டர்களில் ஓடும் லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டியும் ஓவர்லேதான், ஆனால் அதன் மேலடுக்கு ஃபிளாஷிலேயே நிலைத்திருக்கும். அங்கே நோக்கம் வேறு: எதைக் கெடுத்தாலும் ஆலை நிலைக்குத் திரும்ப ஒரு கட்டளை போதும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: ஆல்பைன் லினக்ஸின் டிஸ்க்லெஸ் முறை. பூட் ஆகும்போது முழு அமைப்பும் நினைவகத்துக்கு ஏறிவிடும். பிறகு தானாகக் கார்டில் எதுவும் எழுதாது. அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) அடைவில் செய்த மாற்றங்கள் வேண்டும் என்றால், ‘எல்பியூ கமிட்’ என்று நீங்களே சொல்ல வேண்டும். ஒரு சிறு டார் கோப்பாகக் கார்டில் சேரும். எது சேமிக்கப்படாமல் கிடக்கிறது என்று ‘எல்பியூ ஸ்டேட்டஸ்’ காட்டும். ஓவர்லே மௌனமாக மறப்பதை, இது கேட்டால் சொல்லிவிட்டு மறக்கிறது. குறைகளும் உண்டு. பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் இங்கே கிடையாது, அதற்குப் பதில் மஸ்ல்தான். ஆகவே தயாரிப்பாளர் கொடுக்கும் மூடிய நிரல்கள் பல ஓடாது. தொகுப்புகளைக் கார்டிலேயே வைத்திருக்கும் கேஷை அமைக்காமல் விட்டால், இணையம் இல்லாமல் பூட் ஆகும்போது நீங்கள் நிறுவியவை திரும்பி வராது.

ஃபெடோரா சில்வர்புளூ, ஓப்பன்சூசே மைக்ரோஓஎஸ் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளையும் இந்த வரிசையில் சேர்ப்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே பூட்டு மின்வெட்டுக்காக அல்ல, பாதியில் அறுந்த அப்டேட்டுக்காக. சில்வர்புளூவில் நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் (/usr) அடைவுக்குத்தான் பூட்டு. ஈடிசியும் வாரும் திறந்தே இருக்கும், வட்டில் எழுத்து நடந்துகொண்டே இருக்கும். மைக்ரோஓஎஸ் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் புதியதொரு ஸ்னாப்ஷாட்டில் (அந்நேர நிலையின் பிரதியில்) அப்டேட் செய்து, அடுத்த முறை பூட் ஆகும்போது அதற்கு மாறும். எழுந்த அமைப்பு நலமாக இல்லை என்றால் தானே பழையதற்குத் திரும்பும். ஆனால் இரண்டிலும் வார் அடைவு பின்னோக்கிப் போகாது. புதிய பதிப்பு தன் தரவுத்தள வடிவத்தை மாற்றியிருந்தால், திரும்பி வந்த பழைய பதிப்பு அதைப் படிக்க முடியாமல் விழிக்கும். ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியில் ‘ஸ்டீம்ஓஎஸ்-ரீட்ஒன்லி டிசேபிள்’ கட்டளையால் பூட்டைக் கழற்றி எதையாவது நிறுவி மகிழ்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த அப்டேட் வேறொரு ரூட் பார்ட்டிஷனில் வந்து இறங்கும், நிறுவியது அதில் இருக்காது.

மேசைக் கணினிக்குச் சில்வர்புளூ, எந்த யோசனையும் வேண்டாம். சென்சார் படிப்பது, அறிவிப்புப் பலகை காட்டுவது போன்ற ஒற்றை வேலைப் பெட்டிக்கு ஆல்பைன். உங்கள் நிரல் அதில் ஓடாவிட்டால் மட்டும் ஓவர்லே. கையால் எஃப்எஸ்டேப் திருத்துவதை ஒருமுறையாவது செய்து பாருங்கள், ஆனால் பத்துப் பெட்டிகளைப் பராமரிக்க வேண்டியவர் அதில் இறங்க வேண்டாம். இணையத்துக்கு நேரடியாக முகம் காட்டும் பெட்டியில் ஓவர்லேயை நான் வைக்க மாட்டேன். அங்கே அப்டேட் என்றால் ஓவர்லேயை எடுத்து ஒரு ரீபூட், திரும்பப் போட்டு இன்னொரு ரீபூட். இதை மாதாமாதம் செய்பவர் அரிது. கார்டு கெடாமல் இருக்கும், தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும், ஓட்டைகள் உள்ள பழைய எஸ்எஸ்எச்சும் அதில் அப்படியே இருக்கும். அத்தகைய இடத்தில் நல்ல எஸ்எஸ்டியும் சிறு யூபிஎஸ்ஸும் வாங்கி, மைக்ரோஓஎஸ்ஸைத் தானாக அப்டேட் ஆக விட்டுவிடுவேன்.