கீமோவுக்கு முன் விந்தணு சேமிப்பு: மதுரை மையம் ஒன்றில் என் அனுபவம்

மதுரையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில், கீமோ தொடங்கப்போகும் இளவயது புற்றுநோயாளிகளுக்குக் கவுன்சிலிங் கொடுத்து விந்தணுவைச் சேமித்து வைக்கிறார்கள். கவுன்சிலிங்குக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். மற்ற ஏற்பாடுகளுக்கு மூன்றுதான்.

எனக்கு 24 வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை பார்த்த டாக்டர் மருந்து, ஸ்கேன், செலவு எல்லாம் விவரமாகச் சொன்னார், இதைச் சொல்லவில்லை. "கல்யாணம் ஆகாத பையன், கீமோ ஏத்துறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவை போயிட்டு வந்துருங்க தம்பி" என்று சொன்னது ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் அக்கா. அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அப்பாவும் கூட வந்தார். கவுன்சிலிங் மேடம் முதலில் செய்தது, "சார், நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க, தம்பிகிட்ட தனியா பேசணும்" என்று அவரை அனுப்பியதுதான். அப்பா இருந்திருந்தால் நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன்.

கீமோ வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கும், விந்தணுவை உருவாக்கும் செல்களும் அந்த ரகம் என்று விளக்கினார். எனக்கு முடிவாகியிருந்தது ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கீமோ. அதில் பெரும்பாலானவர்களுக்கு உற்பத்தி திரும்பிவிடுமாம். ஆனால் நோய் மசியாமல் இன்னும் கடுமையான மருந்துக்குப் போக நேர்ந்தால் அந்த நம்பிக்கை குறைந்துவிடும். அதனால்தான் முதல் டோஸுக்கு முன்பே சேமிக்கச் சொல்கிறார்கள். இந்த நோயே எண்ணிக்கையைக் குறைக்கலாம், ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறாதீங்க, விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும் என்றும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். என் எண்ணிக்கை குறைவாகத்தான் வந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே உடைந்து போயிருப்பேன்.

"ஆண்மை போயிடுமா மேடம்?" என்று கேட்டேன். முகம் சுளிக்காமல், விந்தணு உற்பத்தி வேறு, ஆண் ஹார்மோன் வேறு என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பிறகு சம்மதப் படிவம். நான் இறந்துவிட்டால் சேமித்ததை என்ன செய்வது என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. அந்த வரியில் பேனா நின்றுவிட்டது. மேடம் அவசரப்படுத்தவே இல்லை. அழித்துவிடலாம் என்று டிக் அடித்தேன். ஏன் என்று கேட்கவில்லை, "மனசு மாறினா வந்து மாத்திக்கலாம் தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த நிதானம் எல்லா இடத்திலும் கிடைக்காது.

இனி குறைகள். சாம்பிள் எடுக்கும் அறை பில்லிங் கவுன்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெளியே பேசுவது உள்ளே அப்படியே கேட்கும். கூட்டத்துக்கு நடுவில் பெயரைச் சொல்லி "சாம்பிள் குடுக்க வந்தவங்க" என்று கத்திக் கூப்பிட்டார்கள். உடம்பும் மனசும் துவண்டு வருகிறவனுக்கு இது பெரிய கொடுமை. டோக்கன் நம்பர் சொன்னால் போதாதா? அதோடு, வருடா வருடம் சேமிப்புக் கட்டணம் உண்டு என்பது பில் போட்ட பிறகுதான் தெரிந்தது. சேமிப்பு முறையில் எனக்குக் குறை இல்லை. சில சிறு குப்பிகளாகப் பிரித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்து, குப்பி எண்களை ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள்.

போகிறவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட், ஆதார் இரண்டையும் மறக்காமல் கொண்டு போங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். பெண்களுக்கு முட்டையை உறைய வைக்க ஊசி போட்டு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் தங்கச்சிகளும் அக்காக்களும் கீமோ தேதி குறிக்கும் வரை காத்திருக்காமல், பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்றே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.