உருமாற்றத் தலைமையா, பரிமாற்றத் தலைமையா?

பள்ளிக் கல்வியில் மாற்றம் கொண்டுவர எந்தத் தலைமை உதவும்? இலக்கை எட்டினால் பரிசு, தவறினால் தண்டனை என்று இயங்குவது பரிமாற்றத் தலைமை. ஆசிரியரின் நோக்கத்தையும் திறனையும் உயர்த்தி, மாற்றத்தை அவரே விரும்பி ஏற்கச் செய்வது உருமாற்றத் தலைமை. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் மெக்கிரகர் பர்ன்ஸ் 1978-இல் இவ்வேறுபாட்டை வகுத்துக் காட்டினார்.

சம்பளம் உரிய நாளில் சேரவும், பாடநூல்கள் பள்ளி திறக்குமுன் வந்து இறங்கவும் முதல் வழியே போதும். கற்றலையே அப்படி அளக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. அமெரிக்காவில் 2002-இல் கையெழுத்தான கல்விச் சட்டம், 3 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் வாசிப்பு, கணிதத் தேர்வுகளைக் கட்டாயமாக்கி, 2014-க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. அது கைகூடவில்லை, 2015-இல் வேறு சட்டம் வந்தது.

பின்லாந்தோ 1970களில் ஆசிரியர் கல்வியைப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்து, முதுநிலைப் பட்டத்தைத் தகுதியாக்கி, 1990களின் தொடக்கத்தில் பள்ளி ஆய்வு முறையையும் கைவிட்டது. (பல நாட்டு 15 வயது மாணவரின் திறனை ஒப்பிடும் பிசா தேர்வில் அதன் மதிப்பெண்கள் 2006-க்குப் பின் சரிந்ததையும் மறைக்கலாகாது.)

வகுப்பறையில் இந்த வேறுபாடு கண்கூடு. ஒரு தலைமையாசிரியர் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். இன்னொருவர் கடைசி இருக்கையில் அமர்ந்து பாடத்தைக் கவனித்து, ஒரு குழந்தைக்குப் பின்னக் கணக்கு ஏன் பிடிபடவில்லை என்று ஆசிரியரோடு சேர்ந்து யோசிக்கிறார். நான் இரண்டாமவர் பக்கமே. ஆயினும் தனிமனித ஈர்ப்பை மட்டும் நம்பிய மாற்றம் அவர் பணிமாறியதும் கரைந்துவிடும் என்பதால், ஆசிரியர் பயிற்சியிலும் விதிகளிலும் அதை வேரூன்றச் செய்வது கட்டாயம்.