மலையகத்து ஈரத்தில் ஒரு நடுத்தர விலை மின்கிட்டார்: ஐந்தாண்டு அனுபவம்

2019ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பில் வாங்கிய மின்கிட்டாரை ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு மேலாக வாசித்து வருகிறேன். ஃபென்டர் நிறுவனம் 1954இல் அறிமுகப்படுத்திய ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவத்தைப் பின்பற்றி வேறொரு நிறுவனம் தயாரித்தது அது. மேப்பிள் கழுத்து, ரோஸ்வுட் விரற்பலகை, தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்புகள் மூன்று: பிரிட்ஜின் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) அருகே ஹம்பக்கர் எனப்படும் இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்று, மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். தொடக்கநிலைக் கிட்டாரின் விலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கொடுத்தேன்.

அந்தக் கூடுதல் பணம் கழுத்தில் தெரிகிறது. விரற்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கீற்றுகளான ஃப்ரெட்டுகள் சீராகப் பதிக்கப்பட்டிருப்பதால், தந்திகளை நன்கு தாழ்த்தினாலும் மேல் சுரங்களில் இரைச்சல் எழுவதில்லை. ஆலயத்தில் பாடற்குழுவுடன் மென்மையாகவும் திருவிழா மேடையில் அழுத்தமாகவும் வாசிக்க இந்த ஒரு கிட்டாரே போதுமாயிருக்கிறது.

ஆனால் எங்கள் காலநிலை இந்தக் கருவியின் பலவீனங்களை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்தது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, மூடுபனி லயன் அறைக்குள்ளேயே (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) இறங்கும் நாட்களில், மரம் ஈரத்தை உறிஞ்சுவதால் கழுத்தின் வளைவு மாறி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்திகள் உயர்ந்துவிடுகின்றன. கழுத்தின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைக் கால் சுற்று இறுக்கினால் சரியாகிறது. பெப்ரவரியின் வறட்சியில் விரற்பலகை சுருங்கும்போது ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையில் உறுத்துகின்றன. இவை எந்த மரக்கருவிக்கும் உரியவை என்பதால் நான் குறை சொல்லமாட்டேன். குறை உலோகப் பாகங்களில்தான் இருக்கிறது. பிரிட்ஜின் சிறு திருகாணிகள் இரண்டாம் ஆண்டிலேயே துருவேறி இறுகிப்போயின. தந்தியின் உயரத்தை மாற்ற முயன்றபோது அலன் கீ (அறுகோணத் திருகுசாவி) வழுக்கி, ஒரு திருகாணியின் தலை தேய்ந்துவிட்டது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை வாங்கி மாற்றினேன். தயாரிப்பாளர் அவற்றை முதலிலேயே பொருத்தியிருக்க வேண்டும். ஒலியளவுக் குமிழும் கரகரக்கத் தொடங்கியது. காண்டாக்ட் கிளீனர் தெளித்தால் சில மாதங்களுக்கு அடங்கும்.

சுருதியை ஏற்றியிறக்க உதவும் ட்ரெமோலோ நெம்பியைப் பயன்படுத்தினால் சுருதி நிற்பதில்லை. சுருதி முறுக்கிகளையே நான் வெகுகாலம் சந்தேகித்தேன். உண்மையில் கழுத்தின் நுனியில் தந்திகள் படியும் பிளாஸ்டிக் நட்டின் பள்ளங்களில் தந்தி சிக்கிக்கொண்டிருந்தது. பென்சில் கரியைத் தேய்த்ததும் பாதி சரியாயிற்று. எலும்பு நட்டுக்கு மாற்றிய பின்னரே முழுமையாகத் தீர்ந்தது.

2022இல் ரூபாயின் மதிப்பு சரிந்த பின் தந்தித் தொகுதியின் விலை மிகவும் உயர்ந்துவிட்டதால், வாசித்தவுடன் தந்திகளைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொதிகளுடன் கடினப் பெட்டியில் வைப்பது எனக்குக் கட்டாயப் பழக்கமாகியிருக்கிறது. கிட்டாருடன் தந்த மெல்லிய துணிப்பையை நம்பவேண்டாம். அது ஈரத்தைத் தேக்கி வைக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் தங்கள் வீட்டு மின்னிணைப்பையும் பார்க்கவேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தை உள்வாங்குபவை. கழுத்துப் பிக்கப்பையும் நடுப் பிக்கப்பையும் சேர்த்தால், ஒன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால், அது பெரிதும் மறைகிறது. எங்கள் அறையிலோ எந்த நிலையிலும் இரைச்சல் குறையவில்லை. தந்தியைத் தொட்டால் விரல்களில் மெல்லிய அதிர்வும் உணரப்பட்டது. மின்வேலை தெரிந்தவரை அழைத்துப் பார்த்தபோது, சுவரிலுள்ள மின் செருகுதுளையில் ஏர்த் (நிலத்தொடுப்பு) கம்பியே இணைக்கப்படாதிருந்தது தெரிந்தது. அப்படிப்பட்ட அதிர்வை உணர்ந்தால் உடனே வாசிப்பதை நிறுத்தி, ஏர்த் இணைப்பைச் சரிசெய்த பின்னரே மீண்டும் ஆம்ப்ளிஃபையரைச் செருகுங்கள்.