பழைய வீட்டு ஜிஐ பைப்: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா? சிபிவிசி, யுபிவிசி, பிபிஆர் ஓர் ஒப்பீடு

1990களில் கட்டிய வீடுகளில் இப்போது வரும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். குளியலறைச் சுவரின் மறுபக்கம் பெயின்ட் உப்பிக்கொண்டு வருகிறது. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் போகும் இடத்தில் இருக்கும் சின்ன வலையைத் துருத்தூள் அடைக்கிறது. காலையில் முதல் வாளித் தண்ணீர் பழுப்பாக விழுகிறது. சுவருக்குள் இருப்பது ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். பிளம்பரைக் கூப்பிட்டால் ஒருவர் "அந்த இடத்தை மட்டும் உடைச்சு ஒட்டுப் போட்டுடலாம் சார்" என்பார். அடுத்தவர் "மொத்தமா சிபிவிசிக்கு மாத்திடுங்க" என்பார். துபாயிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் பிபிஆர்தான் சரி என்பார். யுபிவிசியே போதும் என்று கடைக்காரர் தன் பங்குக்கு ஒன்று சொல்வார். இந்த மூன்றும் பிளாஸ்டிக் பைப் வகைகள்.

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடலாம்: "இது இருபத்தஞ்சு கிலோ பிரஷர் தாங்கும்" என்ற கடைப் பேச்சு. மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டம் குழாயிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.3 கிலோதான். பிரஷர் பம்ப் வைத்தாலும் 2, 3 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். இந்த நான்கில் எதுவும் இதற்குச் சளைத்ததல்ல. வீட்டில் ஒழுகுவது பெரும்பாலும் பைப்பின் நடு உடம்பு அல்ல, ஜாயின்ட். அதனால் எந்தப் பைப் நல்லது என்று கேட்பதைவிட, எதன் ஜாயின்ட்டை நம் ஊர் ஆள் ஒழுங்காகப் போடுவார், அது சூட்டையும் வெயிலையும் தாங்குமா என்று கேட்பதே பலன் தரும்.

ஒட்டுப் போடுவதை எடுத்துக்கொள்வோம். ஜிஐ பைப்பைத் துருவிலிருந்து காப்பது மேலே பூசிய துத்தநாகம். மரை வெட்டும்போது அந்தப் பூச்சும் போய், இரும்பும் மெலிகிறது. துரு அங்கேதான் பிடிக்கும், எல்போவை (திருப்பத்தில் வரும் வளைவுத் துண்டு) ஒட்டித்தான் கசியும். பழுதான துண்டைக் கழற்ற ரெஞ்ச் போட்டுத் திருகினால் அடுத்த ஜாயின்ட்டின் மெலிந்த மரையும் ஆட்டம் காணும். ஒரு அடி உடைக்கப் போய் நான்கு அடி உடைத்த கதை இப்படித்தான் நடக்கிறது. இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் லைனில் புதுத் துண்டைத் திருகி ஏற்றவும் முடியாது. நடுவில் யூனியன் (பைப்பைச் சுற்றாமலே நட்டை இறுக்கி இணைக்கும் துண்டு) போட வேண்டும். சுவருக்குள் புதைத்த யூனியன் அடுத்த கசிவுக்கு இன்றே போடும் அச்சாரம்.

ஆனாலும் ஒட்டு எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். வெட்டி எடுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே வட்டம் ஏறக்குறைய முழுசாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்து இன்னும் பல வருஷம் ஓட்டலாம். துருக் கட்டிகள் அடைத்து விரல் நுனிகூட நுழையாவிட்டால் ஒட்டுக்குச் செலவழிப்பது வீண். போர்வெல் உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் கண்ணில் படும்.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், சுவருக்குள் புதைக்க எனக்கு முதல் தேர்வு சிபிவிசி. 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று கணக்கு. கீசர் தண்ணீர் அந்த அளவுக்குப் போகாது. பசை (கடையில் இதை 'சிமென்ட்' என்பார்கள்) போட்டு ஒட்டும் வேலை எந்தச் சின்ன ஊரிலும் தெரியும். ஆனால் தெரிந்த வேலை என்பதாலேயே அவசரமாகச் செய்கிறார்கள். ஹாக்ஸா பிளேடால் கோணலாக வெட்டிப் பிசிறோடு செருகுவது, கெட்டியாகிப் போன சிமென்ட்டில் தின்னர் கலப்பது, மீந்த பிவிசி சிமென்ட்டையே தடவுவது, ஒட்டிய சூட்டோடு வால்வைத் திறப்பது. இந்த நான்கையும் தடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பைப் வெட்டும் கட்டரால் நேராக வெட்டி, பிசிறு எடுத்து, துடைத்து, இரண்டு பக்கமும் சிமென்ட் தடவி, கால் சுற்றுச் சுற்றிச் செருகி, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். எத்தனை மணி நேரம் கழித்துத் தண்ணீர் விடலாம் என்பது சிமென்ட் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். குழாய் மாட்டும் இடத்தில் பித்தளை மரை உள்ள எல்போதான் வேண்டும். பிளாஸ்டிக் மரையில் குழாயை நாலு முறை இறுக்கினால் விரிசல் நிச்சயம். பைப்பின் விலையைவிட இந்தப் பித்தளைச் சாமான்களின் விலைதான் பில்லை ஏற்றும். ஆனால் மிச்சம் பிடிக்கும் இடம் இது அல்ல.

சிபிவிசிக்கு மாறிய வீடுகளில் "தண்ணி முன்ன மாதிரி வேகமா வரலை" என்ற புலம்பல் அடிக்கடி கேட்கும். காரணம் அளவு. நடுத்தர ரக அரை இன்ச் ஜிஐயின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ. அரை இன்ச் சிபிவிசியின் வெளிவிட்டமே 15.9 மி.மீ.; எஸ்டிஆர் 11 ரகத்தில் (பைப் சுவரின் தடிமனைக் குறிக்கும் எண்) உள்ளே 12.4 மி.மீ.தான் மிஞ்சும். தண்ணீர் போகும் பரப்பில் 40 சதவீதம் போய்விட்டது. மாடித் தொட்டியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், அதுவும் மேல்மாடிக் குளியலறையில், ஷவர் சொட்டத்தான் செய்யும். பிரதான லைன் முழுவதும் முக்கால் இன்ச் போட்டு, ஒவ்வொரு குழாய்க்கும் பிரியும் கடைசித் துண்டை மட்டும் அரை இன்ச்சாக வையுங்கள். முக்கால் இன்ச்சில் உள்விட்டம் 18 மி.மீ. வருகிறது, கணக்கு சரியாகிவிடும். யுபிவிசியின் வெளிவிட்டம் ஜிஐயினுடையதேதான். ஷெட்யூல் 40 ரகத்தில் (இதுவும் தடிமனைக் குறிப்பதுதான்) இந்தச் சுருக்கம் கிட்டத்தட்ட இல்லை.

யுபிவிசிக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். விலை குறைவு, மொட்டை மாடிக்கும் தொட்டி இறக்கத்துக்கும் தாராளமாகப் போதும். சுமார் 60 டிகிரிக்கு மேல் அதற்கு ஆகாது. கீசருக்குப் பச்சைத் தண்ணீர் போகும் பக்கம்தானே என்று அங்கேயும் யுபிவிசி போடுவார்கள். தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு பழுதானால் வெந்நீர் அந்த வழியாகவே பின்னால் வரும், ஜாயின்ட் இளகும். கீசரைத் தொடும் இரண்டு பக்கமும் சிபிவிசியாகவே இருக்கட்டும். சோலார் ஹீட்டர் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டால் கோடையில் அந்தத் தொட்டித் தண்ணீர் கிட்டத்தட்ட கொதிநிலைக்குப் போகும். தொட்டியிலிருந்து இறங்கும் முதல் சில அடிகளுக்கு ஜிஐ நல்லது.

பிபிஆர் உண்மையில் மற்ற எல்லாவற்றையும்விட நல்ல ஜாயின்ட் தருகிறது. 260 டிகிரிக்குச் சூடாக்கிய அச்சில் பைப்பையும் ஃபிட்டிங்கையும் ஒரே நேரத்தில் ஏற்றி, 20 மி.மீ. பைப் என்றால் 5 விநாடி வைத்து, எடுத்து ஒன்றுக்குள் ஒன்று நேராகத் தள்ளினால் இரண்டும் உருகி ஒரே உடம்பாகிவிடும். சிபிவிசியைச் செருகும்போது சுற்ற வேண்டும். இதைச் சுற்றவே கூடாது. அதிக நேரம் சூடாக்கினால் உள்ளே விளிம்பு உருகி வழியைக் குறுக்கிவிடும். மெஷின், கரண்ட், கை போக இடம், பழகிய ஆள் எல்லாம் வேண்டும். புது வீட்டுக்குச் சரி. பழைய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒழுகினால் மெஷினோடு வரும் ஆள் கிடைப்பாரா? உங்கள் ஊரில் கிடைப்பார் என்றால் பிபிஆருக்கே போங்கள், நான் தடுக்க மாட்டேன்.

மொட்டை மாடியில் மட்டும் பிபிஆர் எனக்குப் பிடிப்பதில்லை. விடியலுக்கும் நடுப்பகலுக்கும் பைப்பின் சூடு 30 டிகிரி மாறினால், 10 மீட்டர் ஜிஐ 4 மி.மீ.கூட நீளாது. சிபிவிசி சுமார் 20 மி.மீ. நீளும், பிபிஆரோ 45 மி.மீ. அதை ஆணியடித்த கிளாம்பில் இறுக்கிக் கட்டினால் பைப் பாம்பு மாதிரி நெளியும், எல்போவை இழுக்கும். எந்தப் பிளாஸ்டிக் பைப்பானாலும் கிளாம்பைத் தளர்வாக விட்டு, திருப்பத்தில் நகர இடம் கொடுங்கள். வெயில் நேரடியாகப் படும் பைப்புக்கு வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் ஒரு கோட் அடித்தால் ஆயுள் கூடும். ஆயில் பெயின்ட் வேண்டாம்.

பசையோ உருக்கலோ, ஈரம் இருந்தால் இரண்டுமே பிடிக்காது. ஜிஐ காலத்தில் கொஞ்சம் சொட்டிக்கொண்டிருந்தாலும் மரையைத் திருகிவிடலாம், இப்போது முடியாது. முழுசாக மூடாத பழைய கேட் வால்வை (திருகித் திருகி மூடும் வகை) முதலில் தூக்கிவிட்டு பால் வால்வு (கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடும் வகை) போடுங்கள். பூச்சு வேலைக்கு முன் கை பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்து, பைப் போகும் இடம் பின்னால் தெரிய, சுவரை அளவு டேப்போடு சேர்த்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அழகு பெரிதில்லை என்றால் சுவரை உடைக்காமல் வெளியிலேயே லைனை ஓட்டலாம். என் வீடு என்றால் சமையலறையில் அப்படித்தான் செய்வேன்.

ஜிஐயை வெட்டும் முன் எலக்ட்ரீஷியனையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் கீசரின் எர்த் வயரைத் தண்ணீர்ப் பைப்பில்தான் சுற்றியிருப்பார்கள். அது முறையான எர்த் அல்ல; ஆனாலும் ஏதோ மண்ணுக்குத் தொடர்பு இருந்தது. நடுவில் ஒரு முழம் பிளாஸ்டிக் வந்ததும் அது அறுந்துவிடும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. கீசர் எலிமென்ட் பழுதானால் ஷாக் குளிப்பவருக்கு. பைப்பில் வயர் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று பார்த்து, மெயினை அணைத்துவிட்டே வெட்டச் சொல்லுங்கள். கீசர் பாயின்ட்டுக்குத் தனி எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டி, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கி டிரிப் ஆகிறதா என்று பார்த்த பிறகு பிளம்பருக்குத் தேதி கொடுங்கள்.