கிரிட்டாவில் போக்கிமான் வட்டார வடிவங்கள்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

போக்கிமான் விளையாட்டு உயிரினங்களுக்குப் புதிய வட்டார வடிவம் (வேறொரு வாழிடத்துக்கு ஏற்ப மாறிய உருவம்) யோசித்து வரைய கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் ஒன்றே போதுமா என்று ஆரம்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். போதும். சில வருடங்களாக என் ரசிகர் ஓவியங்கள் எல்லாம் அதில்தான் பிறக்கின்றன. திரை இல்லாத சாதாரணப் பேனா டேப்லெட், ஓரளவு பழைய கணினி, கிரிட்டா, அவ்வளவுதான். இந்த வேலைக்கு ஒரு மென்பொருளை எடைபோடும்போது அதில் எத்தனை பிரஷ் இருக்கிறது என்று எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. ஒரு யோசனையைக் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்கிப் பார்க்க அது எவ்வளவு சீக்கிரம் இடம் கொடுக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். புது வடிவம் உருவாக்குவதில் முக்கால்வாசி வேலை அந்தக் கலைத்துப் போடுதல்தான்.

இருக்கிற உயிரினத்துக்கு வேறு நிறம் பூசினால் அது புது வடிவம் ஆகிவிடாது. நிறம் மட்டும் மாறிய போக்கிமான்களை 1999-லேயே கோல்ட், சில்வர் விளையாட்டுகள் ‘ஷைனி’ என்று கொண்டுவந்துவிட்டன. 2016-ல் சன், மூன் விளையாட்டுகளில் வந்த, அலோலா என்ற வட்டாரத்தின் வடிவங்கள் செய்தது வேறு. அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாழிடம் சார்ந்த ஒரு காரணம் இருந்தது. எக்ஸெகியூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான உருவம் 2 மீட்டர். அலோலாவின் வெயிலில் கழுத்து தென்னைமரம் மாதிரி நீண்டு 10.9 மீட்டர் ஆகி, டிராகன் டைப்பும் (டைப் என்றால் போக்கிமானின் இயல்பு வகை) சேர்ந்துகொண்டது. 2019-ல் வந்த, கேலார் என்ற இன்னொரு வட்டாரத்தின் வடிவங்களில் என் மனதை அதிகம் பாதித்தது கோர்சோலா. இளஞ்சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்த பவளம், அங்கே வெளிறிப்போய் கோஸ்ட் (பேய்) டைப்பாக நிற்கிறது. திடீர்ப் பருவநிலை மாற்றத்தில் அழிந்துபோன இனம் என்று விளையாட்டே சொல்கிறது. நிஜக் கடலில் பவளங்கள் வெளுத்துச் சாவதை அறிந்த யாருக்கும் அந்த ஒற்றை உருவம் போதும், விளக்கம் தேவைப்படாது. நான் வரைய ஆசைப்படுவதும் அப்படி ஒன்றைத்தான்.

அதனால் என் கேன்வாஸில் முதலில் விழுவது கோடு இல்லை, கறுப்புத் திட்டு. பெரிய பிரஷ்ஷால் உருவத்தின் நிழலை மட்டும் அப்பிவிட்டு, கிரிட்டாவின் ஓவர்வியூ பலகத்தில் அதைச் சின்னதாகப் பார்ப்பேன். 1996-ல் வந்த முதல் விளையாட்டுகளில் எதிரே நிற்கும் போக்கிமானுக்குக் கிடைத்த இடம் அதிகபட்சம் 56-க்கு 56 பிக்சல், நான்கே சாயல்கள். அந்த நெருக்கடியில் பிறந்த உருவங்கள் என்பதால்தான் நிழலைப் பார்த்தே அவற்றின் பெயரைச் சொல்லிவிட முடிகிறது. புது வடிவமும் அதே சோதனையில் தேற வேண்டும். அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய உயிரினத்தின் சாயல் தெரிய வேண்டும், ஆனால் அதுவே இது என்று தோன்றக் கூடாது. ஓவர்வியூ பலகத்தை எப்போதும் திறந்து வைத்திருப்பதன் காரணம் இதுதான். பெரிதாக்கி நகத்தையும் செதிலையும் செதுக்கிக்கொண்டிருக்கும்போது, மூலையில் அந்தச் சின்ன உருவம் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இப்போது வரைந்துகொண்டிருக்கும் ஒன்றை வைத்துச் சொல்கிறேன், பாரஸின் கடற்கரை வடிவம். பாரஸ் 46-ஆம் எண் போக்கிமான், 0.3 மீட்டர் உயரம். ஆரஞ்சு நிறப் பூச்சி, முதுகில் இரண்டு சிவப்புக் காளான்கள். பூச்சிகளின் உடலுக்குள் புகுந்து வளரும் நிஜப் பூஞ்சைதான் அதற்கு மூலம். அது பாரசெக்ட்டாகப் பரிணமிக்கும்போது ஒற்றைப் பெருங்காளான் உடலை மூடிக்கொள்ளும். கண்கள் கருவிழியே இல்லாமல் வெளுத்துவிடும். உடலை ஓட்டுவது பூச்சியில்லை, காளான்தான் என்பது அதன் கதை. சின்னக் குழந்தைகள் விளையாடும் விளையாட்டுக்குள் இவ்வளவு கனமான ஒன்றை அமைதியாக வைத்துவிட்டுப் போனவர்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

சரி, இந்த உறவைக் கடலுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? கடலில் இதற்கு ஈடாக நிஜமாகவே ஓர் உயிர் இருக்கிறது. சாக்குலினா. பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக் கிடக்கும் கொட்டலசின் உறவு. இதன் பெண் லார்வா நண்டின் உடலுக்குள் நுழைந்து, வேர் மாதிரி இழைகளாக உள்ளே பரவும். பிறகு நண்டின் வயிற்று மடலுக்கு அடியில், பெண் நண்டு முட்டைகளைச் சுமக்கும் அதே இடத்தில், ஒரு பையாக வெளியே வரும். நண்டு அந்தப் பையைத் தன் முட்டை என்றே நினைத்துச் சுத்தம் செய்து பராமரிக்கும். இந்த ஒட்டுண்ணி ஆண் நண்டைத் தொற்றினால் அந்த நண்டின் வயிற்று மடலும் பெண்ணுடையதைப் போல அகலமாகும், அதுவும் அந்தப் பையைப் பேண ஆரம்பித்துவிடும். தொற்றிய நண்டு ஓடு கழற்றுவதும் நின்றுபோகும்.

இதைப் படித்த அன்றே நிழலுருவம் தலைகீழாகப் புரண்டது. மூலப் பாரஸில் கனம் முழுக்க மேலே இருக்கிறது. என் பாரஸின் முதுகு வெறுமை, கனம் வயிற்றுக்கு அடியில் தொங்குகிறது. பை தரையில் உரசாமல் இருக்க வேண்டுமென்றால் கால்கள் நீள வேண்டும். கால் நீண்டால் நடை மாறும், நடை மாறினால் முகத்தின் உயரம் மாறும். காரணம் ஒன்று சரியாக அமைந்துவிட்டால் மற்ற முடிவுகளை அதுவே எடுத்துக்கொடுக்கும் என்பதை நான் இந்த உருவத்தில்தான் மிகத் தெளிவாகப் பார்த்தேன். கொடுக்குகளைச் சண்டைக்கு நிற்பதுபோல விரிக்காமல் உள்பக்கம் மடக்கி, பையை மெல்லத் தடவுவதுபோல வைத்தேன். அந்தப் பெரிய கண்களையும் கொடுக்கின் வளைவையும் மட்டும் தொடவில்லை. அவை இரண்டும் இருக்கும்வரை, பார்க்கிறவர் அதைப் பாரஸ் என்றே சொல்வார்.

கிரிட்டா எனக்கு மிகவும் உதவுவது இந்தக் கட்டத்தில். நண்டின் படங்களை ரெஃபரன்ஸ் இமேஜ் கருவியால் கேன்வாஸுக்கு வெளியே மிதக்கவிடலாம். அவை ஓவியத்தின் லேயரில் (அடுக்கில்) கலக்காது, ஏற்றுமதி செய்த படத்திலும் வராது. எம் விசையை அழுத்தினால் பார்வை இடம் வலமாகப் புரளும், கோணல் எல்லாம் அந்த நொடியே தெரிந்துவிடும். இரு பக்கமும் ஒன்றாக வரையும் சமச்சீர் வசதியும் உண்டு, ஆனால் அதைத் திட்டு வைக்கும்வரைதான் பயன்படுத்துவேன். அச்சு அசலாக இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் உயிரினம் பொம்மையாகத் தெரியும்.

நிறத்துக்கு வந்தால் கிரேடியன்ட் மேப் ஃபில்டரைத்தான் முதலில் சொல்வேன். முதலில் உருவம் முழுவதையும் சாம்பல் நிறத்திலேயே, வெளிச்சமும் இருட்டும் பார்த்து முடித்துவிடுவேன். அதன்மேல் ஒரு ஃபில்டர் லேயர் போட்டு, இருட்டுக்கு ஒரு நிறம், நடுச்சாயலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் உடல் முழுக்க நிறம் மாறும். கீழே இருக்கும் ஓவியத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. பாரஸுக்கு முதலில் நனைந்த மணலின் பழுப்பைக் கொடுத்தேன், பார்க்க அழகாக இருந்தாலும் உயிரினம் பின்னணிக்குள் போய்விட்டது. அப்புறம் பாசி படிந்த பச்சை, அப்புறம் ஊதா கலந்த சாம்பல். கடைசியில் உடலுக்கு மூலத்தின் ஆரஞ்சையே கொஞ்சம் மங்கலாக வைத்துக்கொண்டு, பையை மட்டும் பழுத்த மஞ்சளாக விட்டேன். உடலில் மிகவும் உயிரோட்டமாகத் தெரிவது ஒட்டுண்ணிதான் என்றால் கதை நிறத்திலேயே முடிந்துவிடும். இத்தனையையும் ஒரே உட்காரலில் பார்க்க முடிந்தது. முன்பு நான் காகிதத்தில் வாட்டர்கலரில் இதைச் செய்துகொண்டிருந்தபோது ஒவ்வொரு நிறத்துக்கும் உருவத்தை முதலிலிருந்து வரைய வேண்டும்.

கலரைஸ் மாஸ்க் என்று இன்னொன்று இருக்கிறது, 4.0 பதிப்பில் வந்தது. லைன் ஆர்ட்டின்மேல், அதாவது கோட்டோவியத்தின்மேல், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கீறல் நிறம் போட்டால் அது எல்லையைப் புரிந்துகொண்டு நிரப்பிவிடும். கோடுகள் சுத்தமாக இருந்தால் நன்றாக வேலை செய்கிறது. என்னுடையது மாதிரி விட்டுவிட்டுப் போகும் சொரசொரப்பான கோடுகளில் நிறம் ஆங்காங்கே வழியும். பெரிய கேன்வாஸில் அது கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கையாலேயே நிரப்பிவிடலாம். கோடு நடுங்காமல் இருக்க ஸ்டெபிலைசர் நல்ல துணை. நீண்ட வால், வளைந்த கொம்பு போன்றவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மற்ற நேரத்தில் அணைத்துவிடுகிறேன். எப்போதும் போட்டு வைத்தால் கோட்டில் இருக்கும் துடிப்பு போய்விடும்.

குறை இல்லாமல் இல்லை. நினைவகத்தை நிறையத் தின்னும். அச்சுக்குப் போகிற அளவில் கேன்வாஸ் திறந்து லேயர்கள் சேரச்சேர, பெரிய பிரஷ் கைக்குப் பின்னால் தாமதமாக வரும். நான் சின்ன அளவில் உருவத்தை முடிவு செய்துவிட்டு, லைன் ஆர்ட் தொடங்கும்போதுதான் பெரிதாக்குகிறேன். உயிரினத்தின் பெயர், டைப், உயரம் எல்லாம் எழுதி ஓர் அட்டை மாதிரி செய்ய ஆசைப்படுவோம் இல்லையா, அதற்கான எழுத்துக் கருவி ஓவியக் கருவிகள் அளவுக்கு வசதியாக இல்லை. எழுத்து வேலையை நான் வேறு மென்பொருளில் வைத்துக்கொள்கிறேன். ஐபேடில் கிரிட்டா கிடையாது. அதை மட்டும் வைத்திருப்பவர்கள் வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

விலை பற்றியும் சொல்லிவிட வேண்டும். கிரிட்டாவின் சொந்தத் தளத்தில் இலவசம். ஸ்டீம் போன்ற கடைகளில் விலைக்கு வைத்திருக்கிறார்கள், அந்தப் பணம் அதன் வளர்ச்சிக்குப் போகிறது. மூல நிரல் திறந்து கிடக்கிறது. சந்தா கட்ட முடியாத மாதத்தில் என் பழைய ஓவியக் கோப்புகள் பூட்டிக்கொள்ளாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. கற்பனை உயிரினங்கள் ஒரு நாளில் முடிகிறவை இல்லை, வருடங்கள் கழித்தும் திறந்து கை வைக்கத் தோன்றும்.

டேப்லெட்டைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை. திரை இல்லாததில் கை ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் இருப்பது ஆரம்பத்தில் சிரமம், சில வாரத்தில் பழகிவிடும். நிப் தேயும், தேய்ந்த நிப் பரப்பைக் கீறும், அதனால் முனை ஒருபக்கமாகச் சரிந்ததும் மாற்றிவிடுங்கள். என்னிடம் இருந்த முதல் டேப்லெட்டில் கம்பி செருகும் துளை தளர்ந்து, வரையும்போதே இணைப்பு அறுந்துகொண்டிருந்தது. வாங்கும்போது அழுத்த நிலைகளின் எண்ணிக்கையைவிட அந்தத் துளை உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், உரிமை. போக்கிமான்கள் நிண்டெண்டோ, கேம் ஃப்ரீக், கிரியேச்சர்ஸ் நிறுவனங்களின் சொத்து. 2016-ல் ரசிகர்கள் பல வருடம் உழைத்து வெளியிட்ட போக்கிமான் யுரேனியம் என்ற விளையாட்டு, வெளிவந்த சில நாட்களிலேயே தரவிறக்கப் பக்கத்தை மூட வேண்டியதாயிற்று. என் வடிவங்களை நான் விற்பதில்லை. ரசிகர் வடிவம் என்று படத்திலேயே எழுதிவிடுகிறேன், யாருடைய யோசனையிலிருந்தாவது கிளம்பியது என்றால் அவர் பெயரையும் சேர்க்கிறேன். இந்த உலகத்தில் நட்புகள் உருவாவதும் உடைவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி விஷயத்தில்தான்.

இப்போது என் திரையில் நிற்பது கடற்கரைப் பாரசெக்ட். ஓடு கழற்றாத நண்டின்மேல் மற்ற கடலுயிர்கள் ஒட்டிக்கொண்டு வளரும் என்பதால், அதன் முதுகு முழுக்கக் கொட்டலசும் பாசியுமாக அப்பியிருக்கிறேன். பை இப்போது உடலைவிடப் பெரிது. கண்கள் மூலத்தைப் போலவே வெளுத்தவை. டைப்தான் இன்னும் முடிவாகவில்லை. மொத்தம் 18 டைப்கள், ஒற்றையும் இரட்டையுமாகச் சேர்த்தால் 171 வாய்ப்புகள். பாரஸுக்கு பக் (பூச்சி), வாட்டர் (நீர்) என்று வைத்ததில் எனக்குத் தயக்கம் இல்லை. பாரசெக்ட் உள்ளுக்குள் எப்போதோ செத்துவிட்ட உயிர், அதனால் கோஸ்ட் வேண்டும். பக்கை விட்டு வாட்டர், கோஸ்ட் என்றால் கடல் மிஞ்சும், பூச்சி போய்விடும். பக், கோஸ்ட் என்றால், பூச்சி உரித்துப் போட்ட கூடே போக்கிமானான ஷெடின்ஜாவின் பக்கத்தில் போய் நிற்கும், வெறும் கூடாக மிஞ்சிய இரண்டு உயிர்களும் ஒரே டைப்பில் சேர்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி கிரேடியன்ட் மேப் போட்டு, இரண்டு கோப்புகளாகச் சேமித்து வைத்திருக்கிறேன்.