ரூட் கேனால் முடிந்த பல்லுக்குக் கேப்: எது தேவை, எது வீண்?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பல் கிளினிக்குகளில் ரூட் கேனால் முடிந்து எழும்புகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “வலிதான் போயாச்சே, பின்ன கேப்பு எதுக்கு?” நியாயமான கேள்வி. வலிக்கான வைத்தியம் ரூட் கேனாலோடு முடிந்துவிடுகிறது. கேப், அதாவது பல்லின்மேல் மாட்டும் உறை, போடுவது பல் பிளந்துபோகாமல் இருக்க. எனவே பல்லில் எவ்வளவு சுவர் மிச்சம் என்று பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

நரம்பை எடுத்த பல் காய்ந்த விறகு மாதிரி ஆகிவிடும், அதனால்தான் உடைகிறது என்று ஒரு பேச்சு உண்டு. ஈரம் குறைவதன் பங்கு மிகச் சிறியது. 1989இல் வெளியான ஓர் ஆய்வக அளவீட்டில், ரூட் கேனாலுக்காகத் துளை போட்டதால் மட்டும் பல்லின் உறுதி 5 சதவீதம்தான் குறைந்தது. பக்கத்துப் பற்களை ஒட்டிய முன், பின் விளிம்புகள் இரண்டும் போன பல்லில் 63 சதவீதம் குறைந்தது. அந்த இரண்டு விளிம்புகளும் பீப்பாய்க்கு இரும்பு வளையம் போல. சொத்தை பெரும்பாலும் அங்கேதான் அரித்திருக்கும். போதாததற்கு, நரம்பில்லாத பல்லுக்குக் கடிக்கும் அழுத்தம் தாமதமாகத்தான் உறைக்கும். கல் அகப்பட்டால் சட்டென்று விடுகிற வாய், இந்தப் பல்லில் இன்னும் கொஞ்சம் அழுத்திவிடும்.

மரச்சீனியும் சாளைக்கறியும் எந்தப் பல்லையும் உடைக்காது. முந்திரிக்கொத்து, கொட்டைப்பாக்கு, நண்டு ஓடு, பனங்கற்கண்டு, இவைதான் பிளக்கும். வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவரின் கடைவாய்ப்பல்லில் ஒரு விளிம்பு போயிருந்தாலே கேப் போட்டுவிடுவது நல்லது.

கடைவாய்ப்பல்லுக்கும் அதற்கு முன்னால் இருக்கும் சிறு கடைவாய்ப்பல்லுக்கும் பொதுவாகக் கேப் வேண்டும். 2002இல் வந்த ஓர் ஆய்வில், ரூட் கேனாலுக்குப் பிறகு கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. மேல்தாடைச் சிறு கடைவாய்ப்பல்லில் கவனம் கூடுதலாக வேண்டும். அது நடுவே நெடுக்காகப் பிளந்து, பிளவு வேருக்குள் இறங்கினால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. முன்பல்லின் கதை வேறு. பின்பக்கம் சிறு துளை மட்டும் போட்ட முன்பல்லுக்குக் காம்போசிட் எனும் பல் நிற ஃபில்லிங்கே போதும். நிறம் கறுத்திருந்தால் உள்ளிருந்து வெளுக்க வைக்கும் முறை இருக்கிறது; நிறத்துக்காக மட்டும் கேப் போடுவது தேவையில்லாத செலவு. கீழ்த்தாடை முன்பற்கள் ஏற்கெனவே ஒல்லி. கேப்புக்காகச் செதுக்கினால் தீக்குச்சி அளவுக்குத்தான் மிஞ்சும்.

இனி சரக்கு. முதலில் ஸ்டீல் கேப் என்று நாம் சொல்லும் முழு உலோகக் கேப். அழகில்லை, அதனாலேயே யாரும் கேட்பதில்லை. ஆனால் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், உடையாது, விலையும் குறைவு. சிரித்தால் தெரியாத இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. நிக்கல் கலந்த உலோகம் என்பதால், கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செராமிக் கேப் என்று பில்லில் எழுதப்படுவது பெரும்பாலும் உலோகத்தின்மேல் பீங்கான் பூசியது, பி.எஃப்.எம். இரண்டு பொருளுக்கும் இடம் வேண்டும் என்பதால் கடிக்கும் பக்கத்தில் 1.5 முதல் 2 மி.மீ. வரை பல்லை எடுக்க வேண்டியிருக்கும். சில வருடங்களில் ஈறு சற்று இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். பீங்கான் சில்லு பெயர்வதும் உண்டு. விலைக்கு ஏற்ற பொருள். குறை சொல்ல முடியாது, புகழவும் ஒன்றுமில்லை.

ஜிர்கோனியா இப்போது எங்கும் சிபாரிசு செய்யப்படுகிறது. முழுக்க ஒரே கட்டியில் கடைந்தெடுத்ததென்றால் 1 மி.மீ. கனமே தாங்கும், கறுப்புக் கோடும் வராது. கடைவாய்ப்பல்லுக்குக் காசு இருந்தால் இதுவே நல்ல தேர்வு. ஆனால் பொருத்தும்போது கடி உயரமாக இருந்து மேலே உரசித் தேய்த்தால், அந்த இடத்தை மறுபடி வழவழப்பாகப் பாலிஷ் செய்தே ஆக வேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லை அரம் போல அராவிவிடும். பாலிஷ் முடிந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மேலே பீங்கான் பூசிய ஜிர்கோனியாவும் உண்டு. அதிலும் பூச்சு சில்லு பெயரும். இ.மேக்ஸ் எனும் கண்ணாடிப் பீங்கான் நிறத்தில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும், முன்பல்லுக்கு அருமை. பாக்கு கடிக்கிறவரின் கடைவாய்க்கு வேண்டாம்.

இந்தப் பொருள் பட்டியலில் ஆழ்ந்துபோகும்போதுதான் முக்கியமான விஷயம் நழுவுகிறது. கேப் எதுவானாலும் அது பிடித்து நிற்பது உங்கள் சொந்தப் பல்லில். ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்கு நல்ல பல் இருக்க வேண்டும்; அதன்மேல் கேப் வளையம் போல இறுகும். அந்த உயரம் இல்லாமல் வெறும் ஃபில்லிங்கின் மேல் உட்கார்ந்த ஜிர்கோனியா, அதில் இருக்கும் பல்லோடு சேர்ந்தே ஒடிந்து கையோடு வரும். வாரண்டி கார்டு கேப்புக்குத்தான், பல்லுக்கு இல்லை. 15 வருட வாரண்டி போட்ட கேப் முழுசாக இருக்க, உள்ளே பல் அழுகிப் போனால் கார்டால் பயனில்லை. எக்ஸ்ரேயைக் காட்டி, “சுத்தி எவ்வளவு பல்லு மிச்சம் இருக்கு டாக்டர்?” என்று கேட்பதுதான் மெட்டீரியல் விசாரிப்பதற்கு முந்திய கேள்வி. மிச்சமே இல்லை என்றால் கேப்பில் பணம் போடாமல் பல்லை எடுத்துவிடும் யோசனையைப் பேசலாம்.

கேப்புக்கு முன் உள்ளே நிரப்பிக் கட்டும் வேலை, கோர் பில்டப், தனி வேலை. பில்லில் தனியாக வரும். பேரம் பேசிக் குறைக்கக்கூடாத தொகை இது. சுவர் மிகக் குறைவாக இருந்தால் வேருக்குள் ஃபைபர் போஸ்ட் எனும் மெல்லிய தண்டை இறக்குவார்கள். போஸ்ட் பல்லை வலுவாக்குவதில்லை, மேலே கட்டும் ஃபில்லிங்குக்கு ஆணி மாதிரி, அவ்வளவுதான். சுவர் நன்றாக இருக்கிற பல்லுக்குப் போஸ்ட் எதற்கு என்று தாராளமாகக் கேட்கலாம்.

ரூட் கேனாலுக்குப் பிறகு தட்டிப் பார்த்தால் வலி இல்லை, வீக்கம் இல்லை என்றால் ஓரிரு வாரத்தில் கேப் வேலையைத் தொடங்கலாம். தற்காலிக ஃபில்லிங்கை நம்பி மாதக்கணக்கில் தள்ளுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. அது சில வாரங்களுக்கான பொருள். கரைந்து எச்சில் உள்ளே இறங்கினால் கிருமியும் சேர்ந்தே இறங்கும். மூன்று மாதம் அப்படிக் கிடந்த பல்லுக்கு ரூட் கேனாலையே மறுபடி செய்யச் சொல்வது வழக்கம். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களும், ஒரு மாத லீவில் வளைகுடாவிலிருந்து வருகிறவர்களும் முதல் வாரத்திலேயே ரூட் கேனாலைத் தொடங்கினால் கேப்பும் முடித்துக்கொண்டு கிளம்பலாம். முடியாவிட்டால், குறைந்தபட்சம் நிரந்தர ஃபில்லிங் போட்டு, கடி படாதபடி உச்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போக வேண்டும்.

பொருத்தும் நாளில் சிமெண்ட் போடுவதற்கு முன்பே மூன்றைப் பார்த்துவிடுங்கள். பக்கத்துப் பல்லோடு ஃப்ளாஸ் நூல் டக்கென்று இறுக்கமாக இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் இடைவெளி இருக்கிறது, தினமும் மீன் நார் அங்கே சிக்கும், கேப் லேபுக்குத் திரும்ப வேண்டியதுதான். வண்ணத் தாளைக் கடித்துப் பார்க்கும்போது கேப் மட்டும் முதலில் தட்டக்கூடாது. மரத்துப்போன வாயில் இதைச் சரியாகச் சொல்ல முடியாது; நரம்பில்லாத பல் என்பதால் பொருத்தும் நாளில் ஊசி இல்லாமலேயே பெரும்பாலும் சமாளிக்கலாம். நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் எல்லாப் பல்லும் ஒரே நிறம்தான்.

வாரண்டி கார்டில் பல் எண் சரியா என்றும் கவனியுங்கள். பல் டாக்டர்கள் எழுதும் எண் முறையில் கீழ் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல் 36, வலப்பக்கம் 46. மேலே இடம் 26, வலம் 16.

போட்ட பிறகு வரும் ஆபத்து சத்தமில்லாதது. கேப்பின் ஓரத்தில் சொத்தை புகுந்தாலும் நரம்பில்லாத பல் வலித்துக் காட்டாது. ஒரு பக்கம் மட்டும் வாடை, ஃப்ளாஸ் கிழிந்து வருவது, மெல்லும்போது லேசான ஆட்டம், இவைதான் அறிகுறி. கழன்று கையில் வந்தால் ஃபெவிக்விக் வைத்து ஒட்டாதீர்கள். கோணலாக ஒட்டிய கேப்பை எடுக்கும்போது பல்லும் சேர்ந்து உடையும். கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மறுபக்கமாகவே மென்று, இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்துப் போனால் அதே கேப்பையே திரும்ப ஒட்ட வாய்ப்புண்டு.