ஒன்பது ஆண்டுகளாக என் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்

மருத்துவ மாணவனாக வார்டுக்குள் நுழைந்த முதல் வாரத்தில் வாங்கியது. ஒருபுறம் தட்டையான சவ்வு, மறுபுறம் கிண்ணம்போல் குழிந்த மணி என்று இரண்டு முகம் கொண்ட சாதாரண வகைதான். கழுத்து வியர்வையில் ஊறி விறைத்துப்போன குழாயை ஒருமுறை மாற்றினேன். சவ்வு விரிசல் விட்டபோது பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வட்டமாக வெட்டிப் பொருத்தி மூன்று மாதம் ஓட்டினேன். பரவாயில்லை, கேட்டது.

ஆனால் முதல் மாதம் எதுவுமே சரியாகக் கேட்கவில்லை. கருவி பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் வாங்கிப் பார்த்து, திருப்பி என் காதில் மாட்டிவிட்டார். காதுமுனைகள் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டுமாம். நான் பின்பக்கமாக மாட்டியிருந்தேன்!

இதயத்தின் 'லப்-டப்' என்பது அதன் வால்வு இதழ்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. இதயத்தின் கீழறைகள் சுருங்கும்போது, மேலறைகளுக்கும் அவற்றுக்கும் இடையிலுள்ள ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. பாய்ந்து வந்த ரத்தம் அங்கே முட்டிச் சட்டென்று நிற்கிறது. அந்த அதிர்ச்சியில் வால்வும் இதயச் சுவரும் ரத்தமும் சேர்ந்து அதிர்வதுதான் 'லப்'. மோட்டார் ஓடும்போது குழாயைப் படக்கென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் வருமே, ஏறக்குறைய அதுதான். சுருங்கி முடித்ததும் மகாதமனி, நுரையீரல் தமனி வால்வுகள் மூடுவதில் பிறப்பது 'டப்'.

எது லப், எது டப் என்று குழம்பினால் கழுத்து நாடியில் விரல் வைத்துப் பார்ப்பேன்; நாடி லப்போடு சேர்ந்து துடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது டப் இரண்டாகப் பிரிவது. ஒல்லியான இளைஞர் ஒருவரின் மார்பில், இடப்புறம் இரண்டாவது விலா இடைவெளியில் சவ்வை அழுத்தி வைத்து, மெதுவாக மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். டப், 'ட்ரப்' ஆகிவிடும். மூச்சை இழுக்கையில் இதயத்தின் வலப்பக்கத்துக்கு ரத்தம் கூடுதலாக வருவதால் நுரையீரல் தமனி வால்வு சற்றுத் தாமதித்து மூடுகிறது. மூச்சை விட்டதும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முதன்முதலில் அது கேட்டபோது, பாவம், அந்தப் பையனைப் பத்து முறையாவது மூச்சிழுக்க வைத்திருப்பேன்.

மணியைப் பல மாதங்கள் நான் தொடவே இல்லை. ஈரிதழ் வால்வு சுருங்கிய ஓர் அம்மாவின் மார்பில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். யூனிட் தலைவர் அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மணியை இதய நுனியில் வைக்கச் சொன்னார். அப்போதும் இல்லை. "அழுத்தாதேப்பா" என்று என் மணிக்கட்டைத் தளர்த்தினார். தொலைவில் லாரி உறுமுவதுபோல் கேட்டது. அழுத்தினால் மணிக்கடியில் உள்ள தோலே இழுபட்டுச் சவ்வாகிவிடுகிறது. தாழ்ந்த ஒலிகள் அமுங்கிப்போகின்றன.

இதயச் செயலிழப்பில், அதாவது இதயம் போதிய ரத்தத்தை இறைக்க முடியாதபோது, டப்புக்குப் பின்னால் வரும் மூன்றாவது ஒலியும் இப்படித்தான், மணியை மென்மையாக வைத்தால்தான் அகப்படும். குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் அது இயல்பாகவே கேட்கலாம். அறுபது வயதில் கேட்டால், செயலிழப்போ என்று நான் காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

வாங்குவதாக இருந்தால் மணி உள்ளதாகப் பாருங்கள். விளிம்பில் ரப்பர் வளையம் அவசியம். இல்லாவிட்டால் விலா எலும்பு துருத்திய மார்பில் மணி சரியாகப் படியாது, இடைவெளி வழியே வார்டு இரைச்சல் முழுவதும் காதுக்குள் வந்துவிடும்.